கோழி கழிகிறதா, மெலிகிறதா? மருந்துக்கு முன் எச்சத்தைப் பாருங்கள்

மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ நாலைந்து கோழி வளர்க்கும் வீடுகளில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கோழி சோர்ந்து உட்கார்ந்ததும் புழு மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். இரண்டு நாளில் தேறாவிட்டால் வீட்டிலிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுகிறார்கள். நோய் இரத்தக்கழிச்சலாக இருந்தால் அந்த இரண்டு நாளில் குஞ்சு போய்விடும். அதனால் இந்த வழிமுறை மருந்திலிருந்து தொடங்கவில்லை, எச்சத்திலிருந்து தொடங்குகிறது.

இரவு கோழி அடையும் கம்புக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள். காலையில் கூட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ உருண்டு, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருந்தால் அது நல்ல எச்சம். வெள்ளையாக இருப்பது சிறுநீர் உப்பு. எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒன்று சாக்லேட் பசைபோலக் கொழகொழவென்று, மூக்கைப் பொத்தும் நாற்றத்தோடு வரும். அது குடல்வால் பையிலிருந்து வருவது, நோயில்லை. ‘கழிச்சல்’ என்று சொல்லி மருந்து வாங்குபவர்களில் பலர் இதைப் பார்த்துத்தான் பயந்திருப்பார்கள். அடைக்கோழி நாளுக்கு ஓரிரு முறை மட்டும் எழுந்து எலுமிச்சை அளவுக்குப் போடும் நாற்ற எச்சமும் இயல்பானதுதான்.

சந்தேகம் வந்த கோழியை உடனே தனி அட்டைப்பெட்டிக்கோ பஞ்சாரத்துக்கோ மாற்றுங்கள். கூட்டத்தில் எந்த எச்சம் யாருடையது என்று தெரியாது. பிறகு எடை பாருங்கள். பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் துணிப்பையை மாட்டி, தலை மட்டும் வெளியே தெரிய கோழியை உள்ளே வைத்தால் போதும். எடை தெரியாமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது.

எச்சம் தண்ணீராகப் போகிறது, ஆனால் கோழி நன்றாக மேய்கிறது

முதல் காரணம் வெயில். ஏப்ரல், மே மாதங்களில் சிமென்ட் தளத்தின் மேல் வைத்த கூண்டில் கோழி வாயைப் பிளந்து மூச்சிரைத்து, வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். குடித்தது அப்படியே எச்சத்தில் வரும். நிழல்வலை கட்டி, மண்சட்டியில் தண்ணீர் வைத்து, மதியம் ஒருமுறை மாற்றுங்கள். பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர் பகல் இரண்டு மணிக்குக் கை பொறுக்காத சூட்டில் இருக்கும், கோழி அதைத் தொடாது. மாலையில் வெயில் தணிந்ததும் எச்சம் இறுகினால் வேறெதுவும் செய்ய வேண்டாம்.

அடுத்தது தீனி. தர்பூசணித் தோல், வெள்ளரி, கீரைத்தண்டு கொடுத்த மறுநாள் எச்சம் இளகும். பீட்ரூட் தோல் தின்ற கோழியின் எச்சம் இரத்தம்போலவே சிவக்கும், பதற வேண்டாம். ஆனால் கருவாட்டுத் தலை, ஊறுகாய், சாம்பார் கலந்த மிச்சச் சோறு ஆகியவற்றை ஒருநாளும் போடாதீர்கள். உப்பு அதிகமானால் கழிச்சலோடு நிற்காது, கோழியே சாகும்.

மூன்று நாள் வெறும் தீவனமும் சுத்தமான தண்ணீரும் மட்டும் கொடுத்த பிறகும் நீராகவே போனால், எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். எப்படி எடுப்பது என்பது கடைசியில் இருக்கிறது.

எச்சத்தில் புழு கண்ணுக்குத் தெரிகிறது

எந்தப் புழு என்பதைப் பொறுத்து மருந்தும் அளவும் மாறும்.

*வெள்ளையாக, வேகவைத்த சேமியாவைப்போல, விரல் நீளம்:* உருண்டைப்புழு. சிறுகுடலில் இருப்பது. எச்சத்தில் ஒன்று தெரிந்தால் உள்ளே நிறைய இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

*அரிசி மணிபோலத் தட்டையாக, சில சமயம் நெளிந்துகொண்டு:* நாடாப்புழுவின் துண்டு. இது எச்சத்திலிருந்து நேரடியாகக் கோழிக்குக் கோழி பரவாது. எறும்பு, வண்டு, ஈ இவற்றைத் தின்னும்போது உள்ளே போகும். ஆகவே கூண்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்துகொண்டே இருக்கும் வீட்டில் எத்தனை முறை மருந்து கொடுத்தாலும் திரும்ப வரும்.

*பசை எச்சத்தில் அரை அங்குலத்துக்குக் குறைவான மெல்லிய வெள்ளை நூல்:* குடல்வால் புழு. கோழியை இது பெரிதாக வருத்தாது. ஆனால் வான்கோழியும் சேர்த்து வளர்த்தால் கவனம் வேண்டும். இந்தப் புழுவின் முட்டை வழியாகத்தான் வான்கோழியைக் கொல்லும் கருந்தலை நோய்க்கிருமி போகிறது.

மயிர்ப்புழு என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கோழி மெலியும், எச்சப் பரிசோதனையில்தான் பிடிபடும்.

உருண்டைப்புழுவுக்கு எளிதில் கிடைப்பது அல்பெண்டசோல் திரவம். உடல் எடை கிலோவுக்கு 10 மி.கி., ஒரே வேளை. நாடாப்புழுவாக இருந்தால் கிலோவுக்கு 20 மி.கி. வரை தேவைப்படும். இல்லையென்றால் மருத்துவர் பிராசிகுவான்டெல் எழுதித் தருவார். கணக்கு தவறுவது பாட்டிலில்தான். 2.5% என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் 25 மி.கி. இருக்கும். ஒன்றரைக் கிலோ கோழிக்கு 15 மி.கி. வேண்டும், அதாவது 0.6 மில்லி. அதே மருந்து மாட்டுக்கு விற்கும் 10% பாட்டிலில் ஒரு மில்லியில் 100 மி.கி. இருக்கிறது. அதிலிருந்து 0.6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். லேபிளைப் படிக்காமல் ‘அரை மில்லி கொடுங்க’ என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம் ஊசிக்குழாயில். இன்சுலின் சிரிஞ்சில் இருக்கும் கோடுகள் யூனிட் கணக்கு, மில்லி இல்லை. ஊசி கழற்றிய சாதாரண 1 மில்லி அல்லது 2 மில்லி சிரிஞ்சே சரி.

கொடுக்கும் விதமும் முக்கியம். கோழியின் நாக்கு வேருக்குப் பின்னால் ஒரு சின்ன பிளவு திறந்து மூடுவதைப் பார்க்கலாம். அது மூச்சுக்குழாயின் வாய். அதற்குள் மருந்து போனால் கோழி உங்கள் கையிலேயே மூச்சு முட்டிச் சாகும். அலகின் ஓரத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, அது விழுங்கியதும் அடுத்த சொட்டை விடுங்கள். இதைவிடப் பாதுகாப்பானது, அளந்த மருந்தைச் சுண்டைக்காய் அளவு பிரட் உருண்டையில் ஊறவைத்து, காலையில் பசித்திருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுப்பது. தண்ணீர்த் தொட்டியில் கலந்தால் நோயில்லாத கோழி அதிகம் குடிக்கும், நோயுள்ளது குடிக்காது. அல்பெண்டசோல் தண்ணீரில் கரையாமல் அடியில் வண்டலாகத் தங்கியும் விடும்.

இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை கொடுங்கள். முதல் மருந்துக்குத் தப்பிய இளம்புழு அதற்குள் வளர்ந்திருக்கும், தரையிலிருந்து புதிதாகவும் உள்ளே போயிருக்கும். மருத்துவர் வேறு கணக்குச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு முறை மருந்து கொடுத்த பிறகும் 14 நாள் முட்டையைச் சாப்பிடாமல் கொட்டிவிடுவது நல்லது. அடைவைக்க முட்டை சேர்க்கும் வாரங்களிலும், இறகு உதிர்த்துப் புதிது முளைக்கும் காலத்திலும் அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை மருந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பைபரசின் பழைய மருந்து, விலையும் குறைவு. ஆனால் அது உருண்டைப்புழுவுக்கு மட்டும்தான், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது.

வேப்பிலை, மஞ்சள், பூண்டு, குப்பைமேனி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் குடலை அடைத்துச் சுருண்டு கிடக்கும் புழுக்கூட்டத்தை வெளியேற்ற அதை மட்டும் நம்பி வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்: குஞ்சு எலும்பும் தோலுமாக இருந்து எச்சத்தில் புழு கட்டாக வந்தால் வீட்டில் மருந்து கொடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் செத்த புழுக்கள் குடலையே அடைத்துவிடும். அதைப் பார்த்துச் செய்ய மருத்துவர் வேண்டும்.

நன்றாகத் தின்கிறது, ஆனால் மெலிகிறது, கொண்டை வெளுத்திருக்கிறது

இரு விரலால் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை உருண்டு நிற்க வேண்டும். கத்தி முனைபோல எலும்பு கையில் குத்தினால் மெலிவு முற்றியிருக்கிறது.

பணம் செலவழிக்கும் முன் இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு கூண்டுக்குப் போங்கள். கம்பின் அடிப்பக்கம், மூங்கில் பிளவு, ஆணி ஓட்டை எல்லாவற்றிலும் பாருங்கள். சிவப்புப் புள்ளிகளாக உண்ணி ஊர்ந்தால் கொண்டை வெளுக்கக் காரணம் அதுதான். பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிப்பதால், பகலில் மட்டும் கோழியைப் பார்ப்பவர்கள் மாதக்கணக்கில் புழு மருந்தே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கம்பைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் போட்டு எடுங்கள். இறகுக்கடியில், குறிப்பாக ஆசனவாயைச் சுற்றி, பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அது இல்லையென்றால் எச்சப் பரிசோதனை. புழு முட்டை வந்தால் மேலே சொன்ன வழி. பரிசோதனையில் ஒன்றும் இல்லாமல் மெலிந்துகொண்டே போனாலோ, ஒரு காலை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் நீட்டிச் சாய்ந்தாலோ மேரக்ஸ் என்ற வைரஸ் நோய் போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து கிடையாது. மருத்துவரைப் பார்த்து, மற்ற கோழிகளை என்ன செய்வது என்று கேளுங்கள்.

எச்சத்தில் இரத்தம்

எச்சத்தில் எப்போதாவது ஆரஞ்சு நிறத் தோல் துணுக்குபோல வருவது குடலின் உள்தோல் உரிவது. ஒன்றிரண்டு முறை வந்து நின்றால் விட்டுவிடலாம். புது இரத்தச் சிவப்பாகவோ உறைந்த கட்டியாகவோ வந்தால், அதிலும் மூன்று வாரத்திலிருந்து எட்டு வார வயதுக் குஞ்சுக்கு வந்தால், இரத்தக்கழிச்சல் என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவம் தொடங்க வேண்டும். இது புழு இல்லை, கோக்சிடியா என்ற ஒற்றைச்செல் உயிரி. புழு மருந்து இதைத் தொடவே தொடாது. குஞ்சு இறகைச் சிலிர்த்துக் கழுத்தைச் சுருக்கிக் குளிரில் நடுங்குவதுபோல மூலையில் நிற்கும். இரத்தம் தெரியும் முன்பே இப்படி நிற்கும் குஞ்சுகளும் உண்டு.

சென்னையில் இதன் காலம் அக்டோபர் முதல் டிசம்பர். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் எச்சத்தில் வந்த முட்டை ஓரிரு நாளிலேயே அடுத்த குஞ்சைத் தாக்கத் தயாராகிவிடும். உருண்டைப்புழு முட்டைக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். வாரம் ஒருமுறை கூட்டினால் புழுவைக் கட்டுக்குள் வைக்கலாம், இரத்தக்கழிச்சலை முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

மருந்து ஆம்ப்ரோலியம் 20% தூள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.6 கிராம், கடுமையாக இருந்தால் 1.2 கிராம், ஐந்து நாள். பிறகு ஒரு வாரம் லிட்டருக்கு 0.3 கிராம். சமையலறைத் தராசு அரை கிராமைச் சரியாகக் காட்டாது. 6 கிராமை நிறுத்துப் பத்து லிட்டர் வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தூளின் விலையைப் பார்த்து அளவில் கைவைக்க வேண்டாம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். இந்த நாட்களில் வேறு தண்ணீர் எங்கும் கிடைக்கக் கூடாது. ஏசி குழாயிலிருந்து சொட்டித் தேங்கும் நீரும் இதில் சேர்த்தி. ஒரு குஞ்சுக்கு வந்தாலும் கூட்டம் முழுவதற்கும் கொடுக்க வேண்டும்.

பலரும் பாசத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. சோர்ந்த குஞ்சுக்குத் தெம்பு வரட்டும் என்று பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆம்ப்ரோலியம் அந்தக் கிருமிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் வேலை செய்கிறது. வைட்டமினைக் கூடவே ஊற்றினால் மருந்தின் பலம் போய்விடும். ஆம்ப்ரோலியம் முழுவதும் கொடுத்து முடித்த பிறகு கொடுங்கள். குடிக்க முடியாத குஞ்சுக்கு அதே மருந்துநீரை அரைமணிக்கு ஒருமுறை அலகோரம் சொட்டாக விடுங்கள்.

48 மணிநேரத்தில் இரத்தம் நிற்காவிட்டாலும், ஒரே நாளில் இரண்டு குஞ்சு செத்தாலும் மருத்துவரிடம் போங்கள். சல்ஃபா மருந்தோ வேறொன்றோ தேவைப்படலாம். அதன் அளவை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

பச்சையும் வெள்ளையுமாக நீர்க்கழிச்சல், கூடவே மூச்சுத்திணறல் அல்லது கழுத்து முறுக்கல்

இது வெள்ளைக்கழிச்சல், இராணிக்கேட் நோய் என்பதும் இதுதான். இதற்கு மருந்து இல்லை. ஆன்டிபயாட்டிக்கும் புழு மருந்தும் வீண், நாள்தான் போகும். நோயுற்றதைப் பிரித்து, நன்றாக இருக்கும் கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு அதன்பின் இதனிடம் போங்கள். செருப்பை மாற்றுங்கள். கறிக்கடைக்கு விற்றுவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்தக் கடையிலிருந்து நோய் அடுத்த தெருவுக்குப் போகும்.

தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, நான்காம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகங்களில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும். ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்கிவிட்டால் எதிர்ப்புசக்தி நன்றாகப் பிடிக்கும்.

பல கோழிகள் ஒரே இரவில் செத்துக் கிடந்தாலோ, அக்கம்பக்கத்தில் காக்கைகள் செத்து விழுந்தாலோ எதையும் வெறும் கையால் தொடாமல் கால்நடை பராமரிப்புத் துறையின் 1962 எண்ணுக்கோ அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ உடனே சொல்லுங்கள். பறவைக்காய்ச்சல் இல்லை என்று அவர்கள்தான் உறுதிசெய்ய வேண்டும்.

கழுத்துக்குக் கீழே வீக்கம், தீனி இறங்கவில்லை

தீனிப்பை இரவில் நிறைந்திருக்கும், விடியலில் காலியாக இருக்க வேண்டும். அதிகாலை தீனி வைக்கும் முன் தொட்டுப் பாருங்கள்.

*கல்போல இறுகியிருந்தால்* அடைப்பு. தேங்காய் நார், பூக்கட்டும் நூல், நீளப் புல், ரப்பர் பேண்டு ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். திடத்தீனியை நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் சில மில்லி, தேங்காய் எண்ணெய் 2 மில்லி, சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, மாவு பிசைவதுபோல மெதுவாக ஐந்து நிமிடம் நீவுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை. 24 மணிநேரத்தில் இளகாவிட்டால் மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தாமதித்தால் கோழி பட்டினியில் சாகும்.

*தண்ணீர்ப் பைபோலத் தளதளவென்று, வாயில் புளித்த மாவு நாற்றம் வந்தால்* உள்ளே பூஞ்சை நொதித்திருக்கிறது. தினமும் பழைய சோறும் பிரட்டும் மட்டுமே தின்னும் கோழிக்கும், நீண்டநாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்த கோழிக்கும் இது வரும். நிஸ்டாட்டின் மருந்தை மருத்துவர் எழுதித் தர வேண்டும். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைப்பதைக் காணொளிகளில் பார்த்துச் செய்யாதீர்கள். அந்த நீர் நுரையீரலுக்குள் போனால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

மாடிக்கோழிக்குத் தீனிப்பை அடைப்பு அடிக்கடி வரக் காரணம், கொத்திப் பொறுக்கக் கல் இல்லாமைதான். கிளிஞ்சல் வைத்திருக்கிறோமே என்பார்கள். கிளிஞ்சல் முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பு, வயிற்றில் கரைந்துவிடும், தீனியை அரைக்காது. அரைக்க வேண்டியது கரையாத கருங்கல் துகள், பெரிய கோழிக்கு மிளகு அளவு. இரண்டையும் தனித்தனிச் சிரட்டையில் வையுங்கள்.

ஆசனவாய் ஒட்டிக்கொண்ட குஞ்சு, முக்கும் கோழி

தெருவில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளை வாங்கிவந்த வீடுகளில் முதல் வாரமே இது வரும். குளிரும் பயண அலைச்சலும் காரணம். காய்ந்த எச்சத்தைப் பிய்க்காதீர்கள், தோலோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, உடல் காயும்வரை பல்பு வெளிச்சத்தில் வையுங்கள்.

பெரிய பெட்டை முக்கி முக்கி நின்றால் அது மலச்சிக்கல் இல்லை, முட்டை சிக்கியிருக்கலாம். கால் மணிநேரம் வெதுநீரில் வயிறு நனைய உட்காரவைத்துப் பாருங்கள். அன்றைக்கே வராவிட்டால் மருத்துவர்.

மருந்து கொடுத்தால் நிற்கிறது, மாதம் திரும்பினால் மீண்டும் வருகிறது

அப்படியென்றால் நோய் கோழியில் இல்லை, தரையில் இருக்கிறது. எச்சத்தைத் தினமும் வாருங்கள். உமியோ தென்னைநார்த் தூளோ கையில் பிடித்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், மாற்றுங்கள். தண்ணீர்ச் சட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் வைத்து உயர்த்தினால் அதற்குள் எச்சம் விழாது. பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் கோக்சிடியா முட்டையைக் கொல்வதில்லை. கொதிநீரும் நல்ல வெயிலும் கொல்லும். மாடி வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி. கூண்டை நகர்த்தி, அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, நாலைந்து நாள் வெறும் தளமாகக் காயவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எச்சத்தை எப்படிக் கொண்டுபோவது

அன்று காலை விழுந்த எச்சத்தில் நாலைந்து இடத்திலிருந்து, பசை எச்சமும் சேரும்படி, மொத்தம் ஒரு தேக்கரண்டி எடுத்து மூடியுள்ள சின்ன டப்பாவில் போடுங்கள். மண் ஒட்ட வேண்டாம். கோழியின் வயது, எடை, கொடுத்த மருந்து, தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அன்றே போக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், அல்லது சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

கோழி செத்துவிட்டால் புதைக்க அவசரப்படாதீர்கள். மற்றவற்றைக் காப்பாற்ற அந்த ஒரு உடல்தான் சாட்சி. சென்னை வெயிலில் சில மணிநேரத்தில் குடல் அழுகி எதையும் கண்டுபிடிக்க முடியாமல் போகும். இறகைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து, அன்றே வேப்பேரிக்கோ மாதவரம் பால்பண்ணையில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழக மைய ஆய்வகத்துக்கோ கொண்டு போங்கள். பையைக் கட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மற்ற கோழிகளுக்குத் தீனி வையுங்கள்.